வரப்பில் நின்ற நிழல்

மேலக்கழிக்குப் பறவைகளுக்கு முன்னால் அவற்றின் நிழல்கள் வந்துசேர்ந்த வருஷத்தில், ஆவணி பிறந்தும் வெயில் இறங்காத ஒரு காலையில், உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் பாத்தியின் வெள்ளைமேல் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் ஓடுவதைப் பார்த்து, உள்ளான் வந்துவிட்டது என்று அண்ணாந்தார்கள், வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி வெறுமையாக இருந்தது, திரும்பக் குனிந்தார்கள், புள்ளிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. கொஞ்ச நேரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, உப்பு யாருக்காகவும் காத்திருக்காது என்பதால், வாருபலகையை மறுபடி கையில் எடுத்தார்கள்.

ஒவ்வொரு வருஷமும் கோடை முடிகிற சமயத்தில் வடக்கே பனி விழுகிற நாடுகளிலிருந்து உள்ளானும் உப்புக்கொத்தியும் ஆலாவும் பூநாரையும் அந்தக் கழிக்கு வருவதும், சேற்றைக் கிளறித் தின்று கொழுத்துப் பங்குனியில் திரும்பிப் போவதும் வழக்கம்தான், ஆகையால் அந்த வருஷம் மாறிப்போனது வரிசை மட்டும்தான் என்று ஊர் சீக்கிரமே முடிவுக்கு வந்தது. நாய்கள் முதல் இரண்டு நாள் நிழல்களைப் பார்த்துக் குரைத்தன, மூன்றாம் நாள் அவற்றின் மேலேயே படுத்துத் தூங்கின. மரம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாத உப்பளத்தில் நிழல் பெரிய பொருள். ஒற்றைப் பூநாரையின் நிழலில் ஒருவர் தலையை மட்டும் வைத்துக்கொள்ளலாம், கூட்டமாக வந்தால் குடும்பமே உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதைக் கண்டுபிடித்த பிறகு, மத்தியானச் சோற்றுவேளையில் தூக்குவாளியும் கையுமாக ஜனங்கள் நிழல்களின் பின்னால் மெல்ல நகர்ந்துகொண்டே சாப்பிடுவது சாதாரணக் காட்சியாயிற்று. நிழல் நின்ற பாத்தியில் உப்பு பூக்கவில்லை என்று மேஸ்திரி ராஜமாணிக்கம் கத்தினார். யாரிடம் கத்துவது என்று தெரியாததால் எல்லோரிடமும் கத்தினார். டீக்கடைக் கலியமூர்த்திக்கு மட்டும் வேறு வருத்தம், அவர் கடையின் பின்பக்கத்தில் தெரிந்தவர்களுக்கு மட்டும் பொரித்த உள்ளான் கிடைக்கும் என்பது ஊருக்கே தெரியும், நிழலை எண்ணெயில் போட முடியாது என்பதும் அவருக்குத் தெரியும்.

பறவை பார்க்க வருகிறவர்களும் வழக்கம்போல வந்தார்கள். கும்பகோணத்துக் கல்லூரியில் பாடம் எடுக்கிற, ஊரார் பறவை டீச்சர் என்று கூப்பிடுகிற ஹேமலதா, கழுத்தில் தொங்கிய தொலைநோக்கியை ஒரு நாள் முழுக்க வானத்தில் அலையவிட்டுப் பார்த்துவிட்டு, மறுநாள் அதைத் தலைகுனிந்து தரையை நோக்கிப் பிடித்துக்கொண்டு, அலகின் வளைவையும் கால் நீளத்தையும் வைத்து இது இன்னது, அது இன்னது என்று எப்போதும்போல எண்ண ஆரம்பித்தார். “கழுத்து வலி இல்லாம ஒரு வருஷம் போவுதே டீச்சர், அதுக்கே நீங்க கோயிலுக்கு வெளக்கு போடணும்” என்றார் கலியமூர்த்தி.

அந்தக் கூட்டத்துக்குள் ஒரு பெண்ணின் நிழலும் இருப்பதை முதலில் பார்த்தவர் வைரக்கண்ணு.

வைரக்கண்ணுவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய வீடு கழிக்கரையில், தளம் போடாமல், மொட்டைத் தூண்களின் தலையில் துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கிற வீடு. அந்தத் தளத்தைப் போடுவதற்காகத்தான் அவர் மனைவி பவுனம்பாள் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனாள். முதல் வருஷம் வாரம் தவறாமல் போன் வந்தது. பிறகு ஒரு நாள், பாஸ்போர்ட்டை வீட்டுக்காரம்மா வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டது என்று சொன்னாள், அதைச் சொல்லிவிட்டு, கொல்லையில் முருங்கை காய்த்ததா என்று கேட்டாள், அதற்குப் பிறகு அந்த எண்ணுக்கு எப்போது போட்டாலும் ஒரு பெண் அரபியில் ஏதோ சொன்னாள், எப்போதும் ஒரே பெண், எப்போதும் ஒரே வாக்கியம். பவுனம்பாள் ஊரைவிட்டுப் போன அன்று வாரும் நாள். வாரும் நாளில் வாராவிட்டால் உப்பு அடிமண்ணோடு கெட்டிப்பட்டு ஒன்றுக்கும் உதவாமல் போகும், கல்யாணமானாலும் சாவானாலும் வாரிவிட்டுத்தான் போவார்கள், எனவே வைரக்கண்ணு பழைய சோற்றைச் சாப்பிட்டுவிட்டு உப்பளத்துக்குப் போனார், அவள் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். ஊரில் ஒருவரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரும் அப்போது எடுத்துக்கொள்ளவில்லை.

நிழல் அவருடைய பாத்திக்கும் பக்கத்துப் பாத்திக்கும் நடுவில் உள்ள வரப்பில் நின்றது. பாதம் இரண்டும் வரப்பில், உடம்பு பாத்தியில். ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலின் கெண்டையில் உரசிப் பாதத்தில் ஒட்டிய உப்பைத் தட்டியது, கொண்டையை ஒரு கையால் அழுத்திச் சரிசெய்தது. வைரக்கண்ணு பலகையைக் கீழே போட்டார்.

“பவுனு” என்றார்.

சிக்கல் என்னவென்றால் பக்கத்துப் பாத்தி தனபாக்கியத்தினுடையது. தனபாக்கியத்தின் ஒரே மகள் சுகந்தி திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய், ஒரு பொங்கலுக்கு வராமல், அடுத்த பொங்கலுக்கும் வராமல் போனவள். விடுதியில் கேட்டால் இங்கிருந்து போய் ரொம்ப நாளாகிறது என்றார்கள், எங்கே போனாள் என்றால் உதட்டைப் பிதுக்கினார்கள். உப்பளத்தில் வேலை பார்த்த எல்லாப் பெண்களும் ஒரு காலால் இன்னொரு காலை உரசித்தான் உப்பைத் தட்டுவார்கள், எல்லாரும் ஒரு கையால்தான் கொண்டையை அழுத்துவார்கள், நிழலுக்கு முகம் கிடையாது. காலையில் அது மேற்கே சாய்ந்து வைரக்கண்ணுவின் பாத்தியில் விழுந்தது, வெயில் திரும்பியதும் கிழக்கே சாய்ந்து தனபாக்கியத்தின் பாத்தியில் விழுந்தது.

“எங்க வூட்டுப் பொம்பளதான் அத்தாச்சி, காலையிலேர்ந்து நம்ம பாத்தியிலதான் கெடக்குது” என்றார் வைரக்கண்ணு.

“ஏன் தம்பி, காலம்பற உம் பாத்தியில வுழுந்தா உம் பொண்டாட்டியா? அப்ப பொழுதுசாய எம் பாத்தியில வுழுறது யாரு, உங்க சித்தியா?” என்றாள் தனபாக்கியம்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. காலையில் உப்பளத்துக்கு வருகிறவர்கள் பவுனம்பாளையும் சாயங்காலம் வருகிறவர்கள் சுகந்தியையும் விசாரித்துவிட்டுப் போனார்கள். விடிந்ததும் வைரக்கண்ணு கலியமூர்த்தி கடையிலிருந்து ஒரு கிளாஸ் டீ வாங்கிவந்து நிழலின் காலடியில் வைத்தார், பொழுது சாய்ந்ததும் தனபாக்கியம் வீட்டிலிருந்து ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தாள். இரண்டும் காலியாயின. உப்பளத்தில் எதை வைத்தாலும் வற்றும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தனபாக்கியம் மகளின் அறையைப் பெருக்கிப் பாயை வெயிலில் போட்டாள், வைரக்கண்ணு வீட்டுத் தூண்களில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளின் துருவை உப்புத்தாள் கொண்டு தேய்த்தார். நிழல் வந்துவிட்டது, ஆள் பின்னால் வரும். பறவைகளுக்கு எப்படியோ அப்படி.

பறவைகளும் புரட்டாசியில் வந்தன. முதலில் உள்ளான், பிறகு உப்புக்கொத்தி, பிறகு ஆலா, கடைசியில் பூநாரை. இறகு தேய்ந்து, நெஞ்செலும்பு தெரிய, கழியின் மேல் வட்டமடித்து இறங்கிய ஒவ்வொன்றையும் நோக்கித் தரையில் ஒரு நிழல் ஓடிப்போய்க் காலடியில் சேர்ந்துகொண்டது. சேர்ந்ததும் பறவை தன் உடம்பை ஒருதரம் உதறியது, இறுக்கமான சட்டையைத் தோளில் ஏற்றிக்கொள்கிறவர் மாதிரி. பார்க்கக் கூட்டம் வந்தது, வரப்பெல்லாம் மிதிபட்டு உடைந்தது என்று மேஸ்திரி மறுபடி கத்தினார். பிறகு வரவேண்டியதெல்லாம் வந்தாயிற்று. வானத்தில் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. சேற்றிலும் பாத்தியிலும் இன்னும் நிழல்கள் சில தனியாக மேய்ந்துகொண்டிருந்தன.

“இதுங்களோடதெல்லாம் எப்ப வரும் டீச்சர்?” என்று கலியமூர்த்தி டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

ஹேமலதா தொலைநோக்கியைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தார். “வராதுண்ணே. எவ்வளவோ தூரம். மலை தாண்டணும், பாலைவனம் தாண்டணும், கடல் தாண்டணும். கிளம்பினதெல்லாம் வந்து சேர்றதில்ல. வழியில விழுந்திருக்கும்.”

கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரும் வைரக்கண்ணுவைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காக எல்லோரும் கிளாஸுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் வரப்பில் டீ இல்லை, சாயங்காலம் காப்பியும் இல்லை. அதற்கடுத்த நாள் தனபாக்கியம், யாரும் கேட்காமலேயே, “எம் மவ குட்டை. இது என்ன இம்மாம் நெட்டையா இருக்குது?” என்று பொதுவில் சொன்னாள். சாயங்கால வெயிலில் எந்த நிழலும் நெட்டைதான் என்று அவளிடம் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. வைரக்கண்ணு, பவுனுக்குத் தோள் இவ்வளவு ஒடுக்கம் கிடையாது என்றார். அதைச் சொன்ன குரல் பக்கத்தில் நின்றவருக்கே கேட்கவில்லை. அவர் பாத்தியின் மறுகோடியிலிருந்து, நிழலுக்கு முதுகு காட்டியபடி வார ஆரம்பித்தார். இரண்டு வீட்டுக்குச் சொந்தமாக இருந்த நிழல் எந்த வீட்டுக்கும் இல்லாமல் ஆகிவிட்டது. அது வரப்பில் நின்றபடியே இருந்தது. காலால் காலை உரசியது. காலையில் மேற்கேயும் சாயங்காலம் கிழக்கேயும் சாய்ந்து, இரண்டு பக்கமும் யாரும் இல்லாததால் நடுமத்தியானத்தில் தன்னையே தன் காலுக்கடியில் சுருட்டிக்கொண்டது.

ஐப்பசி பிறந்தது. முதல் மேகம் கிழக்கே கடலில் எழும்பிய அன்று, உப்பளத்தில் எப்போதும் நடப்பது நடந்தது. ஒருவர் குரல் கொடுக்க, எல்லோரும் பலகைகளைப் போட்டுவிட்டு, கீற்றுக்கட்டுகளைத் தூக்கிக்கொண்டு உப்பு அம்பாரங்களை மூட ஓடினார்கள். மழை ஒரு தூறல் போட்டாலும் அம்பாரம் கரைந்துபோகும், எட்டு மாத வேலை கழித்தண்ணீரோடு போய்விடும், ஆகவே அந்த ஓட்டத்தில் பகையும் உறவும் பார்ப்பதில்லை. வைரக்கண்ணுவும் ஒரு கட்டுக் கீற்றைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினார். தன் அம்பாரத்துக்குப் போகிற வழியில் வரப்பைக் கடக்கும்போது, வெயில் மங்கமங்க நிழல் வெளுத்துக்கொண்டே போவதைப் பார்த்தார். கொண்டை போயிற்று, தோள் போயிற்று, தூக்கிய ஒரு கால் மட்டும் லேசாக, தண்ணீரில் கரைத்த கரி மாதிரி மிச்சம் இருந்தது. அவர் நின்றார். பின்னால் ஓடிவந்தவர்கள், “அண்ணே, ஒங்க அம்பாரம் அங்க இருக்குது” என்று கத்தினார்கள். அவர் கீற்றுக்கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு கீற்றாக எடுத்து, நிழல் கிடந்த இடத்தை உப்பை மூடுகிற மாதிரியே, ஓரங்களில் மண் வைத்து, காற்று புகாமல் மூடினார். பிறகு அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். மழை கொட்ட ஆரம்பித்தது. சற்றுத் தள்ளி அவருடைய அம்பாரம் மூடப்படாமல் நனைந்து, முதலில் ஓரம் சரிந்து, பிறகு நடு இறங்கி, எட்டு மாத உழைப்பு வெள்ளைத் தண்ணீராக ஓடியது.

தனபாக்கியம் தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

“என்னடா பண்ற இங்க?”

“எங்க வூட்டுப் பொம்பள அத்தாச்சி. நனையக் கூடாதுல்ல.”

“அன்னைக்கு தோளு ஒடுக்கம்னியே.”

“சொன்னேன்.” மழைத்தண்ணீர் அவர் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. “வுழுந்து போயிருந்தாலும் எம் பொண்டாட்டிதானே. யாருமில்லாததாட்டம் நிக்குது. பாத்துகிட்டு இருக்க முடியல.”

தனபாக்கியம் கீற்றைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“போடா கூறுகெட்டவனே. நெழல மூடி வச்சா நெழலு இருக்குமா? உப்பா அது?”

அதைக் கேட்டபிறகுதான் வைரக்கண்ணுவுக்கு உறைத்தது. எதைக் காப்பாற்ற வேண்டுமென்றாலும் கீற்றால் மூடித்தான் காப்பாற்ற வேண்டும் என்று அவர் கைகளுக்குத் தெரியும், மேலக்கழியில் பிறந்த எந்தக் கைக்கும் அதுதான் தெரியும். பதறிப்போய்க் கீற்றுகளை வாரி எறிந்தார். கீழே ஈர மண் இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. அவர் அந்த மண்ணை இரண்டு கையாலும் தடவித் தடவிப் பார்த்தார். ஆண்கள் அழுவதைப் பார்த்துப் பழக்கமில்லாத தனபாக்கியம், “இருடா, இரு, வந்துர்றேன்” என்று சேற்றில் வழுக்கி வழுக்கி ஓடினாள்.

அவள் கண்ணாடிக் கூண்டு வைத்த எண்ணெய் விளக்கோடு திரும்பி வந்தபோது கூடவே நாலைந்து பேர் மூங்கிலும் கயிறும் கொண்டு வந்தார்கள். நாலு கால் நட்டு, மேலேயும் பக்கத்திலும் கீற்று வைத்துக் கட்டி, ஒரு ஆள் நிற்கிற உயரத்துக்குக் கொட்டகை போட்டார்கள். உள்ளே பகலிலேயே இருட்டாக இருந்தது. தனபாக்கியம் திரியை ஏற்றி விளக்கை வரப்பின்மேல் வைத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, அடுப்பில் வைத்த பாலில் ஆடை படிகிற மாதிரி, எதிர்ப்பக்கத்துக் கீற்றில் முதலில் ஒரு கால், பிறகு சேலைக் கொசுவம், பிறகு தோள், கடைசியில் கொண்டை.

“இருக்கா” என்றாள் தனபாக்கியம். யார் என்று சொல்லவில்லை.

அந்த மழைக்காலம் முழுவதும் அந்த விளக்கு அணையவில்லை. அணைந்தால் போய்விடும் என்பது ஊருக்குப் புரிந்த பிறகு, கொட்டகைக்கு எண்ணெய் வருவது கோயிலுக்கு வருவது போல ஆயிற்று. கோயிலுக்கு எண்ணெய் குறைந்துவிட்டது என்று குருக்கள் சொன்னார், சொல்லிவிட்டு அவரும் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினார். மேஸ்திரி ராஜமாணிக்கம் எண்ணெயெல்லாம் எதற்கு என்று பேட்டரி விளக்கு ஒன்று வாங்கிக்கொண்டு வந்து வைத்தார், நிழல் கத்தியால் வெட்டியது மாதிரி ஆகி, கையை உயர்த்திக் கண்ணை மறைத்துக்கொண்டது. “கண்ணு கூசுது போல, எடுங்க மேஸ்திரி” என்றார்கள், அவரும் முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக்கொண்டு போனார். பகலில் வைரக்கண்ணுவும், அவர் தூங்கப் போகிறபோது தனபாக்கியமும் திரியைப் பார்த்துக்கொண்டார்கள்.

நிழல் மட்டும் எப்போதும் கழியைப் பார்த்தே நின்றது. முகம் இல்லாவிட்டாலும் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது மூக்கு விளிம்பிலிருந்து தெரியும். மழை விடாத ஒரு பகலில், வெளியே தவளைகள் கத்திக்கொண்டிருக்க, வைரக்கண்ணு திரியைத் தூண்டிவிட்டு, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

“அன்னைக்கு பஸ்ஸுக்கு வந்திருக்கணும். உப்பு கெடந்தா கெடந்துட்டுப் போவுதுன்னு வந்திருக்கணும்.”

விளக்கு ஆடவில்லை, காற்று இல்லை. கீற்றில் நின்ற நிழல் மெல்ல முழுசாகத் திரும்பியது, கழிக்கு முதுகு காட்டி, அவர் பக்கம். பிறகு, கோபம் வந்தால் பவுனம்பாள் செய்வதுபோல, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி அந்தப் பக்கமே திரும்பிக்கொண்டது. வைரக்கண்ணு சிரித்தார். கொட்டகை வாசலில் எண்ணெய்ப் பாட்டிலோடு நின்றிருந்த தனபாக்கியம் அதைப் பார்த்தாள். உள்ளே வந்து, பாட்டிலைத் திறந்து, விளக்கில் எண்ணெயை ஊற்றினாள்.

“ஒன் ஆளுதான்” என்றாள்.

“அத்தாச்சி…”

“விடு. எம் மவளுது இன்னும் கெளம்பல. அவ எதுலயும் லேட்டு.”

கார்த்திகையில் இரண்டு நாள் வெயில் அடித்தது. அந்த வெயிலில்தான் கலியமூர்த்தி கடை விவகாரம் வெளியே வந்தது. மற்ற தனி நிழல்களெல்லாம் மழை மேகத்தில் கரைந்து போயிருக்க, ஒரே ஒரு உள்ளான் நிழல் மட்டும் மறுபடி தோன்றி, டீக்கடையின் பின்பக்கச் சுவரில் மேலும் கீழும் முட்டிக்கொண்டிருந்தது. முதல் நாள் கலியமூர்த்தி அதன்மேல் ஒரு சாக்கைத் தொங்கவிட்டார், நிழல் சாக்கின் மேல் ஏறி முட்டியது. இரண்டாம் நாள், கடையில் எல்லோரும் இருக்கும்போது, அவர் பின்பக்கம் போய், கவிழ்த்து வைத்திருந்த ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து பெஞ்சில் வைத்துத் திறந்தார். உள்ளே கால் கட்டிய ஒரு உள்ளான் உட்கார்ந்திருந்தது.

“கழிக்கு வர்ற வழியில ரொம்ப எளச்சுக் கெடந்துச்சு. தீனி போட்டுத் தேத்தலாம்னுதான்” என்றார்.

“தேத்தி?”

“தேத்தித்தான். அப்புறம் பாக்கலாம்னு.”

கட்டை அவிழ்த்ததும் அது பெஞ்சிலிருந்து குதித்து, சுவரிலிருந்து இறங்கிவந்த நிழலின்மேல் நின்று, உடம்பை ஒருதரம் உதறிவிட்டுப் பறந்தது. வைரக்கண்ணுதான் முதலில் எழுந்தார்.

“வுழல” என்றார். “வுழுந்தா மட்டுந்தான் வராதுன்னு இல்ல. கூடையில கவுத்து வச்சிருந்தாலும் வராது.”

பூட்டி வைத்த பாஸ்போர்ட் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. அன்று டீக்கு யாரிடமும் கலியமூர்த்தி காசு வாங்கவில்லை, அதற்குப் பிறகு அவர் கடையில் உள்ளான் பொரித்த வாசனையும் வரவில்லை. அடுத்த முறை வந்த ஹேமலதாவிடம் ஊரார் கூடைக்கதையைச் சொன்னார்கள். அவர், “இதை நான் யோசிக்கவே இல்லை” என்றார்.

தை பிறந்து வெயில் வந்ததும் கொட்டகையைப் பிரித்தார்கள். நிழல் பழையபடி காலையில் மேற்கேயும் சாயங்காலம் கிழக்கேயும் விழுந்தது, பாத்திகளில் தண்ணீர் கட்டி உப்பு பூக்க ஆரம்பித்தது, நிழல் விழுந்த இடத்தில் பூக்காததை மேஸ்திரி பார்த்தார், ஆனால் கத்தவில்லை. பங்குனியில் பறவைகள் கொழுத்து, இறகில் புது நிறம் ஏறி, வடக்கு நோக்கி நிற்க ஆரம்பித்தன. போகிறபோதும் நிழல்தான் முன்னால் போயிற்று. ஒரு காலையில் சேற்றில் ஆயிரக்கணக்கான பறவைகள் நிழலே இல்லாமல், தரையில் சரியாக ஒட்டாத மாதிரி நின்றிருந்தன. வரப்பும் காலியாக இருந்தது.

தனபாக்கியம் காலியான வரப்பைப் பார்த்துவிட்டு, வைரக்கண்ணுவுக்கு எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டே அவரைத் தேடினாள். அவர் பாத்தியின் நடுவில், பலகையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். இளவெயில் அவர் முதுகில் அடித்தது. எதிரே உப்பு எந்தக் கறையும் இல்லாமல் வெள்ளையாக மின்னியது.

“வைரம்” என்றாள். “ஒன் நெழலு எங்கடா?”

அவர் குனிந்து பார்த்தார். வலது காலைத் தூக்கிப் பார்த்தார், இடது காலைத் தூக்கிப் பார்த்தார். பலகைக்கு நிழல் இருந்தது, அவருக்கு இல்லை.

“கூடப் போயிருச்சு அத்தாச்சி.”

“அப்ப நீ எப்ப போற?”

அதைக் கேட்டுவிட்ட பிறகு ஊரில் வேறு பேச்சு இல்லை. பக்கத்து ஊர் ஆள் ஒருவர் மூலம் குவைத்தில் ஆடு மேய்க்கிற வேலைக்கு ஒரு விசா கிடைத்தது. அந்தப் பெரிய ஊரில் எந்தத் தெரு, எந்த வீடு என்று தெரியாமல் எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கலியமூர்த்தி கேட்டதற்கு, “உள்ளானுக்கு யாருண்ணே விலாசம் எழுதிக் குடுத்தா?” என்றார் வைரக்கண்ணு. பறவைகள் கிளம்பிப் போன பிறகு அவர் கிளம்பிய நாள் வாரும் நாளாக அமைந்தது. வேறு நாள் பார்க்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. பாத்தியில் உப்பு வாராமல் கிடந்தது, அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். உப்பளமே பலகைகளைப் போட்டுவிட்டு பஸ் நிற்கிற இடத்துக்கு வந்தது, மேஸ்திரி உட்பட. கூட்டத்தின் நிழல்கள் தார்ச்சாலையில் ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தன, நடுவில் ஒரு ஆள் அளவுக்கு வெளிச்சம் இருந்தது.

“ஒன் பாத்திய நான் வாரிக்கிறேன், நீ ஏறு” என்றாள் தனபாக்கியம். பஸ் நகர்ந்த பிறகு, “பாத்தா அவளையும் கேட்டதா சொல்லு” என்றாள். யாரை என்று அவள் சொல்லவில்லை, வைரக்கண்ணுவும் கேட்காமல் தலையை ஆட்டினார்.

குவைத்தில், உயரமான சுவர் வைத்த ஒரு வீட்டின் பின்கட்டில், பவுனம்பாள் வழக்கம்போல விடிகாலையில் துணி துவைத்து முற்றத்துக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தாள். போன வருஷக் கோடைக் கடைசியிலிருந்தே அவளுக்கு நிழல் இல்லை. வீட்டுக்காரம்மா அதை ஒருநாள் கவனித்துவிட்டு, தரை துடைக்கும்போது அழுக்கு நன்றாகத் தெரியும் என்பதுபோல ஏதோ சொன்னாள். வெளிக்கதவு எப்போதும்போலப் பூட்டியிருந்தது. பெரிய விரிப்பு ஒன்றைக் கொடியில் எறிந்து இழுத்துவிட்டபோது அவள் பாதம் குளிர்ந்தது, ஈர உப்பில் கால் வைத்த மாதிரி. குனிந்து பார்த்தாள். நிழல் காலடியில் வந்து சேர்ந்திருந்தது. பவுனம்பாள் உடம்பை ஒருதரம் உதறிக்கொண்டாள்.

பிறகுதான் பார்த்தாள், அதை ஒட்டி இன்னொரு நிழல் நின்றது. ஆணின் நிழல். பலகை பிடித்துப் பிடித்து இடது தோள் கொஞ்சம் இறங்கிப்போன நிழல். பாதி முற்றத்திலும் பாதி அவள் போட்ட விரிப்பின் மறைவிலுமாக, எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றது.

அவள் அப்போதுதான் போட்ட ஈர விரிப்பைக் கொடியிலிருந்து இழுத்து எடுத்தாள், அடுத்ததையும் எடுத்தாள், சட்டை, துண்டு, அங்கி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி வாளிக்குள் போட்டாள். கொடி காலியாகி முற்றம் முழுக்க வெயில் விழுந்ததும், உள்ளே போய் ஒரு கிளாஸ் டீயோடு வந்து, அதன் காலடியில் வைத்துவிட்டு, பூட்டிய கதவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.